குழந்தைகளுக்கு நீதிஸ்தலம் கண்ட டாக்டர் கோர்ச்சாக்

அடங்காத பிள்ளையை என்ன செய்வது என்பது, பெற்றோரும் உபாத்தியாயரும் உள்ள இடமெல்லாம் எழுகின்ற கேள்வி. அடிப்பவனையும், திருடுபவனையும், பொய் சொல்பவனையும், காரணம் தெரியாமல் கத்திப் பொருள்களை உடைப்பவனையும் வழிக்குக் கொண்டுவர உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த உபாயம் பிரம்பு ஒன்றே. பிரம்பை வெறுத்தோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. ஆனால் அதைக் கீழே வைத்துவிட்டால் அவ்விடத்தில் எதை வைப்பது என்பதை, நூறு பிள்ளைகள் நடுவே ஏறக்குறைய முப்பது வருஷகாலம் வாழ்ந்து சோதித்துப் பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர் போலந்து தேசத்து வைத்தியராகிய யானுஷ் கோர்ச்சாக். அவர் இறந்த விதத்தை உலகத்தார் பலர் அறிவர்; அவர் வாழ்ந்த விதத்தை அறிந்தோர் அத்தனை பேர் இல்லை. மரணத்தின் பெருமை வாழ்வின் பெருமையை மறைத்துவிடலாகாது. ஆதலின் அவரது சரித்திரத்தை நம் வாசகர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் கல்வியும்

கோர்ச்சாக் என்பது அவர் தாமே சூட்டிக்கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஹென்ரிக் கோல்ட்ஸ்மித். வார்ஸா நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில், ஜூலை மாதம் 22-ந் தேதி பிறந்தார். வருஷம் 1878 என்றும் 1879 என்றும் இரு விதமாகச் சொல்லப்படுகிறது. பிறப்பை உரிய காலத்தில் தகப்பனார் பதிவு செய்யாமையே இதற்குக் காரணம். தகப்பனார் வார்ஸாவில் பேர்பெற்ற வக்கீல். பாட்டனார் வைத்தியர்.

அக்காலத்தில் போலந்து என்னும் ராஜ்யம் பூமிப்படத்தில் இல்லை. ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று சாம்ராஜ்யங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்ஸா ருஷியச் சக்கரவர்த்தியின் ஆதீனத்தில் இருந்தது. பள்ளிக்கூடங்களில் ருஷிய பாஷையே போதனா பாஷை. தாய்மொழி வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. இவ்விதப் பள்ளியில்தான் ஹென்ரிக் படித்தார். பிள்ளைகள் பிரம்படி படுவதைச் சிறு வயதிலேயே கண்டு அஞ்சினார். பெரியோர் சிறியோரை மதிப்பதில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்கள் யாவற்றுக்கும் வித்து இவ்வெண்ணமே.

அவர் பதினெட்டு வயதை எட்டுவதற்குள் குடும்பம் நொடித்துப்போயிற்று. தகப்பனாருக்குச் சித்தப்பிரமை கண்டது. வைத்தியசாலைகளில் வைத்துப் பார்த்தும் குணமாகாமல் 1896-ம் வருஷத்தில் காலமானார். மகன் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயாரைக் காப்பாற்றினார். 1898-ம் வருஷத்தில் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதியனுப்பியபொழுது, பழைய போலிஷ் நாவல் ஒன்றின் கதாநாயகனுடைய பெயரைப் புனைபெயராக மேற்கொண்டார். அப்பெயரே அவருக்கு நிலைத்தது. அவ்வருஷமே வைத்தியக் கல்லூரியிலும் சேர்ந்தார். சர்க்காருக்குத் தெரியாமல் போலிஷ் அறிஞர்கள் நடத்திவந்த இரகசிய வகுப்புகளுக்கும் சென்று கற்றார். 1905-ம் வருஷத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பெற்ற உடனே ருஷிய-ஜப்பானிய யுத்தத்துக்கு இராணுவ வைத்தியராக அனுப்பப்பட்டு மஞ்சூரியா வரை சென்று வந்தார். பின்பு வார்ஸாவில் குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றில் சில வருஷங்கள் பணியாற்றினார். பெர்லின், பாரிஸ், லண்டன் ஆகிய நகரங்களுக்கும் சென்று கற்று வந்தார். செல்வரிடம் நிறைய வாங்கி, ஏழையரிடம் பெயருக்கு வாங்கி, நல்ல கீர்த்தியோடு வாழ்ந்திருக்கக்கூடிய வைத்தியர் அவர்.

ஓர் இரவில் கற்ற பாடம்

அவர் வாழ்க்கையைத் திருப்பியது பட்டம் பெறுவதற்கு முன்பே நிகழ்ந்த ஓர் அநுபவம். வார்ஸாவின் ஏழைக் குழந்தைகளைக் கோடைக் காலத்தில் சில வாரங்கள் நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்லும் தர்ம ஸ்தாபனம் ஒன்று இருந்தது. 1904-ம் வருஷத்தில் அதன் முகாம் ஒன்றுக்குக் கோர்ச்சாக் மேற்பார்வையாளராகச் சென்றார். விளையாட்டுச் சாமான்களும், கதைகளும், இனிய எண்ணங்களும் நிறைய எடுத்துச் சென்றார். அன்பு காட்டினால் பிள்ளைகள் அடங்கி நடப்பார்கள் என்று நம்பிச் சென்றார்.

நடந்தது வேறு. சில தினங்களுக்குள் ஒழுங்கு குலைந்தது. இரவில் படுக்கையறையில் ஒருவன் சீட்டியடித்தான், மற்றவர்கள் கூச்சலிட்டார்கள். அன்பே உருவாகச் சென்ற இளைஞர் கோபாவேசம் கொண்டார். ஒரு பையனுடைய காதைப் பிடித்து இழுத்தார். அடங்காவிட்டால் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும் தாழ்வாரத்தில் கொண்டுபோய்த் தள்ளுவேன் என்று மிரட்டினார். சத்தம் அடங்கிற்று. ஆனால் அந்த நிசப்தம் தமக்குத் தோல்வி என்பதைக் கோர்ச்சாக் உணர்ந்தார். தாம் வெறுத்த பழைய உபாத்தியாயர்கள் கையாண்ட உபாயத்தையே, முதல் நெருக்கடியில் தாமும் கையாண்டு விட்டதை அறிந்தார்.

இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பின், தாம் எழுதிய பெருநூலில் அதை விவரமாக எழுதி வைத்தார். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று அவர் அதில் முடிவு கட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட அந்நியப் பிள்ளைகளை, அவர்களுடைய பெயர்களைக்கூட அறியாமல், முன்யோசனையின்றி ஓரிடத்தில் சேர்த்துவைத்துவிட்டு, ஒழுங்கு தானே உண்டாகும் என்று எதிர்பார்த்தது தம்முடைய அறியாமை என்று கண்டார். பின்பு ஒரு நாள் காட்டில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, இக்குழப்பத்தைத் தீர்க்க என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு, பிள்ளைகளோடு பேசுவது வேறு என்பதைத் தாம் அறிந்தது அன்றுதான் என்று அவர் பிற்காலத்தில் குறித்திருக்கிறார்.

அநாதை விடுதி

1912-ம் வருஷத்தில் வார்ஸாவில் க்ரோக்மால்னா வீதி 92-ம் இலக்கத்தில் யூத அநாதைக் குழந்தைகளுக்காக ஒரு பெரிய விடுதி கட்டி முடிந்தது. கோர்ச்சாக் வைத்தியசாலை உத்தியோகத்தை விட்டு அவ்விடுதியின் தலைமையை ஏற்றார். விவாகம் செய்துகொள்வதில்லை என்று முன்னமே முடிவு செய்திருந்தார். அவரோடு ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் பெண்மணி துணை நின்றார். விடுதியின் அன்றாட நிர்வாகம் முழுவதும் அவ்வம்மையார் தோள்மேல் நடந்தது என்பதை மறக்கலாகாது. கோர்ச்சாக்கின் புகழில் செம்பாதி அவருக்கு உரியது.

அங்கு வந்து சேர்ந்த நூறு பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள்? தாய் தந்தையரை இழந்தவர்கள், பசியும் குளிரும் அறிந்தவர்கள், வீதியில் வளர்ந்தவர்கள், முந்திக்கொண்டு அடிப்பவனே பிழைப்பான் என்று அநுபவத்தால் கற்றவர்கள். அவர்களுக்கு வெந்நீர்க் குழாயும், மின்சார விளக்கும், வெள்ளைப் படுக்கையும் கிடைத்தன. ஆயினும் முதல் வருஷம் கலகமும் பகையுமாகவே கழிந்தது. பழகிய இருட்டறையைவிட்டு வெளிச்சமான மண்டபத்துக்கு வந்த பிள்ளை நன்றி காட்டும் என்று எதிர்பார்ப்பது பெரியோர் இயல்பு. அப்பிள்ளைக்கோ புதிய இடம் அச்சத்தையே தருகிறது; அச்சம் முரட்டுத்தனமாக வெளிப்படுகிறது. கோர்ச்சாக் இதைப் பொறுமையோடு கண்டறிந்தார்.

இங்கே அவருக்குக் கைகொடுத்தது வைத்திய சாஸ்திரம். காய்ச்சலும் இருமலும் வாந்தியும் வைத்தியனுக்கு எப்படியோ, அப்படியே பிள்ளையின் சிரிப்பும் கண்ணீரும் முகச்சிவப்பும் வளர்ப்பவனுக்கு என்பது அவர் கொள்கை. இருமுகிற நோயாளியை வைத்தியன் கோபிப்பதில்லை. இருமலுக்குக் காரணம் தேடுகிறான். அடிக்கிற பிள்ளையையும் அவ்வாறே நோக்க வேண்டும் என்றார். ஆதலால் எதையும் குறித்து வைத்தார். பிள்ளைகளை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து எடையை எழுதினார். யார் எப்பொழுது சண்டையிட்டான், எதற்கு முன் அழுதான், எந்த இரவில் தூங்கவில்லை என்று கவனித்தார். குற்றம் என்று மற்றவர் கண்ட இடத்தில் அவர் குறி ஒன்றைக் கண்டார். குறியை அடக்கினால் நோய் உள்ளே போய்விடும் என்பதை அறிந்தவர், வைத்தியரினும் மேலாக வேறு யார் இருக்கக்கூடும்?

சிறு உபாயங்கள்

அவர் செய்த ஏற்பாடுகள் சில, கேட்பதற்கு மிக அற்பமாகத் தோன்றும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஓர் இழுப்பறை கொடுத்தார். பிள்ளைகளின் சட்டைப் பையில் கிடக்கும் கூழாங்கல்லும், பித்தானும், அறுந்த கயிறும் பெரியோர் கண்ணுக்குக் குப்பை. கோர்ச்சாக் அவற்றைச் சொத்து என்று கொண்டார். அவற்றைத் தூக்கியெறியும் உபாத்தியாயன் பிறர் உடைமையைப் பறிக்கிறான் என்றார். தனக்குச் சொந்தம் என்று ஒன்று இல்லாதவனுக்குப் பிறன் பொருள் என்ற மதிப்பு எவ்வாறு பிறக்கும்? கெட்டுப்போன பொருள்களைக் கண்டெடுத்து வைக்க ஓர் அலமாரியும் வைத்தார். திருட்டு என்று நாம் பெயரிடும் செயல்களில் ஒரு பகுதி இவ்விரண்டு மரச்சாமான்களால் குறைந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

கடிதப் பெட்டி ஒன்றும் வைத்தார். நூறு பிள்ளைகள் ஒரே வேளையில் ஒருவரைச் சூழ்ந்து ஆயிரம் வேண்டினால், அவர் வாயில் வருவது இல்லை, போ என்பவையே. வேண்டியதை எழுதிப் போட்டால் அன்று மாலை அவர் நிதானமாகப் படித்து விடை சொல்வார். பிள்ளையும் காத்திருக்கக் கற்றது. எழுதும்பொழுதே வேண்டியதற்கும் வேண்டாததற்கும் உள்ள பேதத்தை உணர்ந்தது. கோபத்தில் எழுதிய கடிதம் மாலைக்குள் ஆறிப்போவதும் உண்டு.

சண்டைக்காரனோடு பந்தயம் கட்டுவது அவருடைய வேறொரு வழக்கம். வாரத்தில் இத்தனை சண்டைக்கு மேல் போடுவதில்லை என்று பையன் தானே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். இனிச் சண்டையே இல்லை என்று ஒருவன் வீரம் பேசினால் டாக்டர் சம்மதியார். ஐந்து போட்டவன் நான்கு என்று தொடங்கட்டும். அடுத்த வாரம் மூன்று ஆகட்டும் என்பார். வென்றவனுக்கு மிட்டாய். வென்றானா தோற்றானா என்பதை அப்பையனே வந்து சொல்ல வேண்டும். வேவு பார்ப்பது கிடையாது. பழக்கம் ஒரு நாளில் ஒழியாது என்ற உண்மையும், சிறுவன் வாக்கை நம்பலாம் என்ற மதிப்பும் இவ்வொரு விளையாட்டில் அடங்கியிருந்தன.

புதிதாக வந்த பிள்ளைக்கு, முன்னமே விடுதியில் பழகிய ஒரு பிள்ளை மூன்று மாதம் காப்பாளனாக நியமிக்கப்படும். வீட்டு வேலைகள் யாவும் பிள்ளைகளுக்குள் முறை வைத்துப் பங்கிடப்பட்டன. விளக்குமாற்றையும் தரை துடைக்கும் துணியையும் மாடிப்படியின் கீழே ஒளித்து வையாமல், படுக்கையறை வாயிலில் கௌரவமான இடத்தில் வைக்கச் செய்தார். அவற்றைத் தொடுவது இழிவு என்ற எண்ணத்தை இவ்விதம் போக்கினார்.

குழந்தைகளின் கோர்ட்டு

இவையெல்லாவற்றிலும் மேலானது அவர் கண்ட நீதிஸ்தலம். சட்டம் படித்தவர்கள் இதனைச் சிறிது கவனித்துப் பார்க்க வேண்டும்.

விடுதியில் யாருக்கு யார்மேல் குறை இருந்தாலும் வழக்குத் தொடுக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை கோர்ட்டு கூடும். நீதிபதிகள் ஐவர்; ஐவரும் பிள்ளைகள். அவ்வாரத்தில் தம்மேல் வழக்கு இல்லாதவர்களுள் சீட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர் ஒருவர் காரியதரிசியாக இருந்து சாட்சியங்களை எழுதிப் படிப்பார். அவருக்குத் தீர்ப்பில் வோட்டு இல்லை.

கோர்ச்சாக் இக்கோர்ட்டுக்கு ஒரு சட்டப் புத்தகமும் எழுதினார். அதில் 1 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் யாவும் மன்னிப்பவை, அல்லது வழக்கைத் தள்ளுபவை. தெரியாமல் செய்தவன் இனித் தெரிந்து நடப்பான். கவனமின்றிச் செய்தவன் கவனமாக இருப்பான். பழக்கத்தால் செய்தவன் முயன்று விடுவான். பிறர் தூண்டச் செய்தவன் இனி அவர் சொல்லைக் கேளான் என்பது அவற்றின் உட்கருத்து. 100-ம் பிரிவில்தான் கண்டனம் தொடங்குகிறது. அதுவும் தண்டியாது, குற்றம் சாட்டப்பட்டவன் அச்செயலைச் செய்தான், அவனைக் கோர்ட்டு மன்னிக்கவில்லை என்று மட்டும் சொல்லும். 200-ம் பிரிவு அவன் செய்தது தவறு என்னும். 300, 400 என ஏற ஏறக் கண்டனம் கடுமையாகும். அதற்கு மேல், தீர்ப்பைக் கோர்ட்டுப் பத்திரிகையில் வெளியிடுவதும், பலகையில் எழுதி ஒட்டுவதும், குடும்பத்தாருக்குத் தெரிவிப்பதும் உண்டு. 900-ம் பிரிவின்படி கோர்ட்டு அவன் விஷயத்தில் நம்பிக்கை இழந்துவிட்டதாக அறிவிக்கும். அப்பொழுதும் விடுதியிலுள்ள யாரேனும் ஒருவர் அவனுக்குப் பொறுப்பேற்க முன்வந்தால் அவன் தங்கலாம். 1000-ம் பிரிவு ஒன்றே வெளியேற்றம். பிரம்படியோ, பட்டினியோ, இருட்டறையோ அச்சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை.

ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தன. பெரும்பாலானவை முதல் 99 பிரிவுகளிலேயே முடிந்தன. இவ்வளவு மன்னிப்பதற்குக் கோர்ட்டு எதற்கு என்று கேட்கலாம். விடை எளிது. அடிபட்ட சிறுவன் தன் குறையைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அடித்தவன் தன் காரணத்தைச் சொல்லவும் ஓர் இடம் வேண்டும். இரு திறத்தாரையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது உலகத்து நீதிஸ்தலங்கள் யாவும் ஒப்புக்கொண்ட ஆதி தர்மம். ஆனால் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நாள்தோறும் வழங்கப்படும் எண்ணிறந்த தீர்ப்புகளில், குற்றம் சாட்டப்பட்டவனைக் கேட்டு வழங்கியவை எத்தனை? கோபம் கொண்டவரே போலீஸும், வாதியும், நீதிபதியும், தண்டனை நிறைவேற்றுபவருமாக இருக்கிறார். கோர்ச்சாக் இவ்வதிகாரங்களைத் தனித்தனியே பிரித்தார். கோபத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு வார காலத்தை வைத்தார்.

அந்தச் சட்டம் அவரையும் கட்டுப்படுத்தியது. ஆறு மாத காலத்தில் ஐந்து முறை தம்மைத் தாமே கோர்ட்டில் நிறுத்தினார். ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்கு. ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியதற்கு. ஒருவனை மூலையில் நிறுத்தியதற்கு. ஒரு நீதிபதியை அவமதித்ததற்கு. ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகித்ததற்கு. இக்குற்றப் பட்டியலை வாசிப்போர், அவர் தேவரல்லர், நம்மைப் போலப் பொறுமை இழக்கும் மனிதரே என்பதை அறிவர். தம் பொறுமையை நம்பாமல் சட்டத்தை நம்பியதே அவருடைய விவேகம்.

கோர்ட்டு தொடங்கிய உடனே எல்லாம் நேராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அற்ப காரியங்களுக்கெல்லாம் வழக்குத் தொடுத்தார்கள். மன்னிப்பை ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். கோர்ட்டுக்கு நான் அஞ்சேன் என்று மார்தட்டியவர்களும் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் கோர்ச்சாக் மனம் சலித்து அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார். இல்லாதபொழுதுதான் அதன் அருமை பலருக்கு விளங்கிற்று. குறைகளைத் திருத்தி மீண்டும் தொடங்கினார். அதன்பின் அது விடுதியின் வாழ்வில் நிலைபெற்றது. மன்னிப்பு ஒழுங்கைக் கெடுக்கும் என்று அஞ்சுவோருக்கு இவ்வரலாறு தக்க சமாதானம். மன்னிப்பும் ஒரு முறைப்படி, பலர் அறிய, விசாரணைக்குப் பின் வழங்கப்படுமானால் அது பலவீனம் ஆகாது.

சுதந்திர போலந்தில்

1914-ம் வருஷத்தில் மகாயுத்தம் மூண்டது. கோர்ச்சாக் மறுபடியும் ருஷிய சேனையில் வைத்தியராகச் சென்றார். குண்டு முழக்கத்தின் நடுவே, குழந்தையை நேசிப்பது எவ்வாறு என்னும் பொருள் பற்றித் தமது பெருநூலை எழுதினார். 1918-ம் வருஷத்தில் போலந்து சுதந்திரம் பெற்றது. புதிய தேசத்தின் சேனையிலும் அவர் வைத்தியராகச் சேவை செய்தார். அப்பொழுது விஷக்காய்ச்சல் கண்டு படுத்தார். அவருக்குப் பணிவிடை செய்த தாயார் அந்நோய் தொற்றி 1920-ம் வருஷத்தில் இறந்தார். அத்துயரம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

1919-ம் வருஷத்தில் மரியா ஃபால்ஸ்கா என்னும் அம்மையாரோடு சேர்ந்து, போலிஷ் தொழிலாளர் குழந்தைகளுக்காக வேறொரு விடுதி காண உதவினார். 1926-ம் வருஷத்தில், வார்ஸாவில் வெளிவந்த ஒரு யூத தினசரியின் அநுபந்தமாக, பிள்ளைகளே எழுதும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அது வாரந்தோறும் 1939-ம் வருஷத்து யுத்தம் வரை வெளிவந்தது. சிறுவர் கோர்ட்டுகளில் நிபுணராக அமர்ந்து, குற்றம் செய்த பிள்ளைகளின் நிலையை நீதிபதிகளுக்கு விளக்கினார். 1929-ம் வருஷத்தில், குழந்தைக்கு மதிப்புப் பெறும் உரிமை உண்டு என்பதை வற்புறுத்தி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ரேடியோவில் கிழ டாக்டர் என்ற பெயரில் பேசி இலட்சக்கணக்கான வீடுகளுக்கு உறவினரானார். ஆனால் யூத துவேஷம் வலுத்த காலம் அது. 1936-ம் வருஷத்தில் அப்பேச்சு நின்றுபோயிற்று.

கடைசி யாத்திரை

1939-ம் வருஷம் செப்டம்பரில் ஹிட்லரின் சேனைகள் போலந்துக்குள் புகுந்தன. 1940-ம் வருஷம் நவம்பரில் வார்ஸா யூதர்கள் அனைவரையும் மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். அநாதை விடுதியும் அங்கே மாற்றப்பட்டது. குழந்தைகளுக்கென்று கொண்டுபோன உருளைக்கிழங்கைப் பறிமுதல் செய்ததை ஆட்சேபிக்கச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையை அணிய மறுத்துச் சென்றதால் சிறையில் அடைக்கப்பட்டார். வெளிவந்தபின், அறுபது வயதைக் கடந்த நோயாளியாகிய அவர், சாக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று சுமார் 200 குழந்தைகளுக்கு உணவு தேடினார். பசியும் டைபஸ் காய்ச்சலும் தெருக்களில் பிணங்களைக் குவித்துக்கொண்டிருந்தன. விடுதியினுள்ளோ பாடமும், முறை வேலையும், எடை பார்ப்பதும் தவறாமல் நடந்தன.

1942-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அக்குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் ரவீந்திரநாத தாகூர் இயற்றிய டாக் கர், அதாவது தபால் நிலையம். நோயுற்று அறைக்குள் அடைபட்டிருக்கும் அமல் என்னும் சிறுவன், ஜன்னலண்டை இருந்து உலகத்தை நோக்கி, அரசனிடமிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்து, அமைதியோடு கண் மூடும் கதை அது. தாகூர் மறைந்து அப்பொழுது ஒரு வருஷம் ஆகவில்லை. வங்கத்தில் பிறந்த ஒரு நூல், வார்ஸாவின் மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகளுக்கு அச்சமின்றி மரணத்தை எதிர்கொள்ளத் துணை செய்யும் என்று அவ்வைத்தியர் கருதினார் என்பதை எண்ணும்பொழுது நம் நெஞ்சம் உருகுகிறது.

நான்கு தினங்களுக்குப் பின், ஜூலை 22-ந் தேதி, யூதர்களைக் கொலைக்களத்துக்கு ஏற்றியனுப்பும் வேலையை ஜெர்மானியர் தொடங்கினர். ஆகஸ்டு மாத முதல் வாரத்தில் அநாதை விடுதியின் முறை வந்தது. கோர்ச்சாக்கை மட்டும் தப்புவிக்க நண்பர்கள் பலமுறை முயன்றிருந்தார்கள், அவர் இசையவில்லை. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, அவர்களோடு அவரும் ஸ்டெபானியா அம்மையாரும் மற்ற ஊழியர்களும் வெயிலில் நடந்து ரயிலடி சேர்ந்தார்கள். ரயில் ட்ரெப்ளிங்காவுக்குச் சென்றது. அங்கிருந்து அவர்களில் யாரும் திரும்பவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

போலந்து தேசம் 1978-ம் வருஷத்தில், குழந்தைகளின் உரிமைகளுக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் பிரேரணை கொண்டுவந்தது. 1989-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி அது நிறைவேறிற்று. 1992-ம் வருஷத்தில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் விலக்கியிருக்கிறது. சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் பிரம்பை மட்டுமே பிடுங்கும். பிரம்பு இருந்த இடத்தில் ஒன்றை வைக்க அதனால் இயலாது. வெறுங்கையோடு நிற்கும் உபாத்தியாயர் ஒன்று கத்துவார், அல்லது கைவிடுவார். அவ்விடத்தில் வைப்பதற்கு உரியவற்றைக் கோர்ச்சாக் விட்டுச் சென்றிருக்கிறார்: காரணம் தேடும் கண், எழுதி வைக்கும் பழக்கம், கேட்டுத் தீர்க்கும் முறை, சிறிது சிறிதாகத் திருந்த அவகாசம், பெரியவரையும் கட்டுப்படுத்தும் விதி.

பொது வாழ்வில் ஈடுபட்டோர்க்கு இதில் தனியாக ஒரு வினா உண்டு. விசாரணையின்றிச் சிறையிடுவதைக் கண்டித்து மேடைகளில் முழங்குகிறோம். அதிகாரம் ஒருவர் கையில் குவிவது கொடுங்கோன்மை என்று எழுதுகிறோம். அன்று மாலை வீடு திரும்பி, பாத்திரத்தை உடைத்த பிள்ளையை ஏன் என்று கேளாமலே கை ஓங்குவோமாயின், மேடையில் பேசிய கொள்கை நம் வாசற்படியைத் தாண்டவில்லை என்பதே பொருள். அடங்காத பிள்ளை ஒன்றைச் சொல்ல முயல்கிறது. சொல்ல வார்த்தை கிடைக்காமையால் கையாலும் காலாலும் சொல்கிறது. அதைக் கேட்க ஓர் இடமும் ஒரு வேளையும் ஏற்படுத்துவது பெரியோர் கடமை. நூறு அநாதைகளுக்கு அவ்விடத்தை ஏற்படுத்திக் கொடுத்து, அவர்களைக் கைவிடாமல் கடைசி ரயில் வரை உடன் சென்ற டாக்டர் கோர்ச்சாக்கின் நினைவுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை இதனினும் வேறில்லை.